செயற்கை இதய வால்வும் இரத்தக் கட்டியும்

இதயம் என்றவுடன் கவிஞர்களுக்குக் காதல் நினைவுக்கு வருகிறது. விலங்கியல் மாணவனாகிய எனக்கோ அதன் நான்கு அறைகளும், வாயில்களில் காவல் நிற்கும் நான்கு வால்வுகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. இரத்தம் முன்னோக்கி மட்டுமே செல்ல வேண்டும், பின்வாங்கக் கூடாது என்பது இதயத்தின் சட்டம். அச்சட்டத்தை நடத்திவைப்பவை வால்வுகள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்கிட்டால் ஒரு நாளில் 1 லட்சத்து 3 ஆயிரம் முறைக்கு மேல் அவை திறந்து மூடுகின்றன. ஓராண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் முறை. இவ்வளவு உழைப்பைத் தாங்கும் கதவு பழுதானால், மனிதன் செய்த கதவைப் பொருத்துகிறார்கள். அந்தச் செயற்கைக் கதவின் கீலில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டால், அதை மருந்தால் எவ்வாறு கரைக்கிறார்கள் என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு எங்கள் வடபழனியே காரணம் எனலாம். வெளியூர் நண்பர்களுக்கு வடபழனி என்றால் முதலில் முருகன் கோயில், அடுத்தது சினிமா. ஆனால் வாகினி ஸ்டுடியோவை நடத்திய பி. நாகி ரெட்டி 1972ஆம் ஆண்டில் இங்கே விஜயா மருத்துவமனையைத் தொடங்கியது முதல், மருத்துவமும் இவ்வூரின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. ஆற்காடு சாலை வழியே காலையில் நடந்தால், பரிசோதனைக் கூடங்களின் வாசலில் கையில் சிறு நோட்டுடன் காத்திருப்போரைக் காணலாம். 'ஐ.என்.ஆர். பார்க்கணும்' என்று சொல்லி நாற்காலியில் அமர்வார்கள். அவர்களுள் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களும் உண்டு. அந்த மூன்றெழுத்தின் பொருளைத் தேடத் தொடங்கியதுதான் இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

முதலில் வால்வு ஏன் கெடுகிறது? நம் நாட்டில் இளம் வயதினரின் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் சங்கிலி வடிவக் கிருமியால் வருவது அது. புண் தானாக ஆறிவிடும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மூட்டு வீங்கும், காய்ச்சல் அடிக்கும், அதுவும் போய்விடும். ஆனால் அக்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள்கள், கிருமியின் புரதத்தை ஒத்திருக்கும் இதயத் திசுவையும் பகையென்று எண்ணித் தாக்கியிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இடப்பக்கத்து ஈரிதழ் வால்வு தடித்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இருபது, முப்பது வயதில், பெண்களாயின் பெரும்பாலும் கருவுற்ற காலத்தில், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. அப்போதுதான் நோய் வெளிப்படுகிறது. சிறு வயதிலேயே பெனிசிலின் கொடுத்திருந்தால் தடுத்திருக்கக் கூடிய நோய் இது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையில் அது மறுபடியும் வேறு வேடத்தில் வரப்போகிறது.

செயற்கை வால்வின் வரலாற்றைப் பார்த்தால், தொடக்கம் முதலே இரத்தம் உறைதல்தான் அதன் பெரும் பகையாக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரும், லோவல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரும் சேர்ந்து இயற்கை வால்வைப் போலவே இதழ்கள் வைத்த வால்வைச் செய்து நாய்களுக்குப் பொருத்தினர். சில நாட்களிலேயே இரத்தம் உறைந்து இதழ்கள் நின்றுபோயின. பிறகு இயற்கையைப் பின்பற்றும் எண்ணத்தையே கைவிட்டு, கூண்டுக்குள் ஒரு பந்தை வைத்தார்கள். இரத்தம் தள்ளினால் பந்து விலகும். திரும்பி வந்தால் பந்தே வழியை அடைத்துக்கொள்ளும். 1960 செப்டம்பரில் இந்த வால்வைப் பெற்ற ஒருவர் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கடைசியில் வீட்டுக்கு வண்ணம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்துதான் இறந்தாரே ஒழிய, வால்வினால் இறக்கவில்லை. 1969இல் சாயும் தட்டு வைத்த பியோர்க்-ஷைலி வால்வும், 1977இல் கார்பனால் ஆன இரண்டு அரைவட்டத் தகடுகள் கொண்ட செயின்ட் ஜூட் வால்வும் வந்தன.

நம் பங்கும் இதில் உண்டு. இறக்குமதி வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாததால், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு குழு பல ஆண்டுகள் உழைத்தது. முதலில் செய்த மாதிரிகள் தோற்றன. அவற்றுள் ஒன்றின் தட்டு நீலமணிக் கல்லால் ஆனது! கடைசியில் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகச் சட்டத்தில் உறுதியான பாலித்தீன் தட்டை வைத்த மாதிரி வென்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் தயாரிக்கும் சித்ரா வால்வு இதுதான். பகட்டான நீலமணி தோற்ற இடத்தில் எளிய பிளாஸ்டிக் நின்றது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி, உறைதல் ஏன் நிகழ்கிறது என்று பார்ப்போம். நம் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் எண்டோதீலியம் என்னும் மெல்லிய உயிருள்ள படலம் இருக்கிறது. தன்மேல் இரத்தம் உறையாதபடி அது இடைவிடாமல் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. உலோகத்துக்கும் கார்பனுக்கும் அத்திறமை இல்லை. அந்நியப் பொருளைக் கண்டதும் இரத்தப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அவற்றின்மேல் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. பின்னர் ஃபைப்ரின் என்னும் நூல்கள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. கீல் இருக்கும் மூலையில் இரத்த ஓட்டம் மந்தமாதலால் அங்கேதான் தொல்லை தொடங்கும். ஓட்டம் விரைவாக உள்ள மகாதமனி வால்வைவிட ஈரிதழ் வால்வின் இடத்திலும், அதைவிட வலப்பக்கத்து மூவிதழ் வால்வின் இடத்திலும் உறைதல் மிகுதி. விலங்குத் திசுவால் ஆன வால்வுகளில் இத்தொல்லை குறைவுதான். ஆனால் அவை சில ஆண்டுகளில் தேய்ந்துபோகின்றன. இளம் வயதினருக்கு இன்னும் விரைவாகத் தேய்கின்றன. ஆகவே இளைஞர்களுக்குப் பெரும்பாலும் உலோக வால்வும், அதனுடன் வாழ்நாள் முழுதும் ஒரு மாத்திரையும்.

அந்த மாத்திரையின் கதை 1933ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெட்டுப்போன இனிப்புத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. ஒரு விவசாயி பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த மாட்டையும் ஒரு பால் பாத்திரம் நிறைய உறையாத இரத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கிருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் அறிஞரின் குழு ஆறாண்டுகள் முயன்று காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனித மருந்தாகியது. நம் ஊரில் பெரிதும் வழங்கும் அசினோகுமரால் அதன் உறவுதான். கல்லீரல் உறைதற் புரதங்களைச் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். இம்மருந்துகள் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கின்றன. எவ்வளவு தடுத்திருக்கின்றன என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். நலமான ஒருவருக்கு அது 1 அளவில் இருக்கும். ஈரிதழ் வால்வு மாற்றப்பட்டவருக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் உறைவு. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதால் சிலர் கீரையையே விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. ஒரு வாரம் தின்று ஒரு வாரம் விடாமல், எப்போதும் ஒரே அளவாக உண்டால் மாத்திரையின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

இந்த எண் குறைந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தோம். தையல் தொழில் செய்யும் ஓர் அக்கா, வயது முப்பத்தொன்று. ஈரிதழ் வால்வுக்குப் பதிலாக இரட்டைத் தகட்டு வால்வு பொருத்தப்பட்டவர். அவர் சம்மதத்தின் பேரில்தான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் அமர்ந்தால் அவர் மார்பிலிருந்து கைக்கடிகாரம் போல 'டிக் டிக்' என்று கேட்கும். தெருப் பிள்ளைகள் அவரை 'வாட்ச் அக்கா' என்பார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். உறவினர் திருமணத்துக்காகச் செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்துக்குச் சென்றவர் இரண்டு வாரம் தங்க நேர்ந்தது. மாத்திரை அட்டை தீர்ந்துவிட்டது. 'மெட்ராஸ் போய் வாங்கிக்கலாம்' என்று இருந்துவிட்டார். திரும்பி வந்த இரண்டாம் நாள் இரவு படுக்க முடியவில்லை. உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். முதலில் கவனித்தவர் அவர் கணவர். 'மூச்சு வாங்குறது கேக்குது, அந்தச் சத்தத்தைக் காணோமே' என்றாராம். மருத்துவமனையில் சோதித்தபோது ஐ.என்.ஆர். 1.1.

வால்வின் ஓசை மங்குவது மருத்துவர்கள் முக்கியமாகக் கருதும் அறிகுறி. அடுத்து எக்கோ சோதனை. உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி இதயத்தின் பின்புறமிருந்து பார்த்தால் கட்டியின் அளவே தெரியும். எக்ஸ்-கதிர்த் திரையில் உலோக, கார்பன் தகடுகள் அசைவதையும் அசையாததையும் நேரில் காணலாம். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. வால்வை அடைப்பது எப்போதும் இரத்தக் கட்டியாகவே இருக்கும் என்பதில்லை. தையல் போட்ட ஓரத்திலிருந்து உடல் திசுவே மெல்ல மெல்ல வளர்ந்து தகட்டைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதைப் பன்னஸ் என்கிறார்கள். எந்த மருந்தும் அதைக் கரைக்காது, கத்திதான் வழி. சில நாட்களுக்குள் தொடங்கிய மூச்சுத் திணறல், குறைந்த ஐ.என்.ஆர். இரண்டும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இரத்தக் கட்டி என்று கொள்வர். அக்காவுக்கு இரண்டும் இருந்தன. இரு தகடுகளில் ஒன்று முற்றிலும் நின்றுவிட்டது.

இந்நிலையில் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, மார்பை மறுபடியும் திறந்து வால்வை மாற்றுவது. ஏற்கெனவே ஒருமுறை திறந்த மார்பு. உள்ளே எல்லாம் ஒட்டியிருக்கும். நோயாளியோ மூச்சுக்குப் போராடுகிறார். ஆபத்து மிகுந்த அறுவை. மற்றொன்று, கட்டியை மருந்தால் கரைப்பது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதிலும் ஆபத்து இருக்கிறது. இதயத்தின் இடப்பக்கத்தில் கட்டி உடைந்தால் அதன் துணுக்கு இரத்தத்தோடு மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். மேலும், கரைக்கும் மருந்துக்கு வேண்டிய கட்டி எது, வேண்டாத கட்டி எது என்ற பேதம் தெரியாது. உடலில் எங்கெங்கோ சிறு சிறு கசிவுகளை அடைத்துக்கொண்டிருக்கும் உறைவுகளையும் கரைத்துவிட்டால் இரத்தப் போக்கு ஏற்படும். மூளைக்குள் ஏற்பட்டால் கேட்கவே வேண்டாம்.

அந்த மருந்துகளுள் முதலாவது எங்கிருந்து வந்தது? மேலே சொன்ன அதே 1933ஆம் ஆண்டில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்லெட் என்பவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை இரத்தப் பிளாஸ்மாவில் இட்டுப் பார்த்தார். கிருமி கலந்த குழாயில் இரத்தம் உறையாது என்பது அவர் எதிர்பார்ப்பு. ஆனால் மற்றக் குழாய்களைப் போலவே அதுவும் உறைந்துவிட்டது. சோதனை தோற்றதென்று எண்ணி வைத்துவிட்டவர், சற்று நேரம் கழித்துத் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது கிருமி இருந்த குழாயில் மட்டும் உறைவு கரைந்து நீராகியிருந்தது! அவரும் கார்னர் என்பவரும் அவ்வாண்டே இதை வெளியிட்டனர். அக்கிருமி சுரக்கும் அப்பொருளே ஸ்ட்ரெப்டோகைனேஸ். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வைக் கெடுத்த இனத்திலிருந்தே, மாற்று வால்வில் படிந்த கட்டியைக் கரைக்கும் மருந்தும் கிடைத்திருக்கிறது. துல்லியமாகச் சொன்னால் காய்ச்சலை உண்டாக்குவது அவ்வினத்தின் 'ஏ' பிரிவு. மருந்துக்கு வளர்ப்பது பெரும்பாலும் 'சி' பிரிவு. பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் நேரடியாகக் கட்டியைத் தின்பதில்லை. நம் இரத்தத்திலேயே பிளாஸ்மினோஜென் என்ற புரதம் செயலற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனோடு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒன்றுக்கு ஒன்றாக இணைந்து, மற்றப் பிளாஸ்மினோஜென் மூலக்கூறுகளைப் பிளாஸ்மின் என்னும் நொதியாக மாற்றுகிறது. பிளாஸ்மின்தான் ஃபைப்ரின் வலையை அறுக்கிறது. உறங்கும் வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பது போன்ற வேலை. இதில் ஒரு குறை உண்டு. இது கிருமியின் புரதமாதலால் நம் உடல் இதற்கும் எதிர்ப்பொருள் செய்துவிடும். ஒருமுறை கொடுத்தவருக்குச் சில மாதங்களுக்குள் மீண்டும் கொடுத்தால் மருந்து பலிக்காமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம்.

செயற்கை வால்வில் உறைந்த இரத்தத்தை இம்மருந்தால் கரைத்த செய்தி 1971இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. அது வலப்பக்கத்து மூவிதழ் வால்வு. அங்கிருந்து துணுக்கு உடைந்தாலும் மூளைக்குச் செல்லாது, நுரையீரலுக்கே செல்லும், ஆகவே துணிந்தார்கள். இடப்பக்கத்துக்குத் துணிவு மெல்லத்தான் வந்தது. இதில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பணி குறிப்பிடத்தக்கது. அங்கு 110 நோயாளிகளுக்கு, இருவர் தவிர அனைவருக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்ததன் விளைவை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏறக்குறைய 82 விழுக்காட்டினருக்கு வால்வு முழுமையாக இயங்கியது. ஆனால் 19 விழுக்காட்டளவில் துணுக்கு உடைந்து சென்ற நிகழ்ச்சிகளும், 8 விழுக்காட்டளவில் பெரும் இரத்தப் போக்கும் இருந்தன. பிறகு டாக்டர் ஜி. கார்த்திகேயன் குழுவினர் 120 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு முதல் அரைமணியில் 2.5 லட்சம் யூனிட், மறு சாராருக்கு முதல் ஒரு மணியில் 15 லட்சம் யூனிட். அதன்பின் இருவருக்கும் மணிக்கு 1 லட்சம் யூனிட். விரைந்து கொடுத்தால் விரைந்து கரையுமா என்பதே கேள்வி. தெளிவான நன்மை நிறுவப்படவில்லை. இரத்தப் போக்குதான் மிகுந்தது. கடுமையான அளவுகோலை வைத்துப் பார்த்ததில், மொத்தத்தில் முழுக் குணம் கண்டவர் 59 விழுக்காட்டினரே. தன் சிகிச்சையின் குறையைத் தானே எண்ணிக்கையில் எழுதி வைத்த இந்த நேர்மைக்காகவே அவ்வாய்வை மாணவர்கள் அறிய வேண்டும்.

வேகம் பயன் தரவில்லை என்றால், நிதானம்? துருக்கி நாட்டு மருத்துவர்கள் அந்த வழியில் சென்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது டி.பி.ஏ. என்னும் மருந்து. நம் உடலே சுரக்கும் நொதியை மரபணுப் பொறியியல் முறையில் செய்தது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபைப்ரின் இருக்கும் இடத்தில்தான் அது நன்கு வேலை செய்யும். இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். மாரடைப்புக்கு இதனை ஒன்றரை மணி நேரத்தில் 100 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். துருக்கியில் மெஹ்மெத் ஓஸ்கான் குழுவினர் 25 மில்லிகிராமை 6 மணி நேரத்தில் கொடுத்து, பழைய முறைகளைவிடத் தீங்கு குறைந்ததை 2013இல் வெளியிட்டனர். இன்னும் மெதுவாக 25 மில்லிகிராமை 25 மணி நேரம் ஓடவிட்டு, தேவையானால் மறுபடியும் கொடுத்து, 90 விழுக்காடு வெற்றி கண்டதை 2015இல் எழுதினர். 2022இல் வெளியான ஹட்டுஷா ஆய்வில் 83 பேருக்கு மருந்து, 75 பேருக்கு அறுவை. மூன்று மாதங்களில் இறந்தோர் மருந்துப் பிரிவில் 2.4 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 18.7 விழுக்காடு. ஆனால் இது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வன்று. ஆகவே இரு பிரிவினரும் எல்லா வகையிலும் ஒத்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நம் புள்ளியியல் பேராசிரியர் இதைப் படித்தால் முதலில் இதைத்தான் கேட்பார்.

எங்கள் தெரு அக்காவுக்கும் இந்த மெதுவான முறையையே கையாண்டார்கள். கையெழுத்து வாங்குமுன் மருத்துவர் அவர் கணவரிடம், 'அவசரப்பட்டு உடைக்க மாட்டோம், ஐஸ் கரையற மாதிரி விடுவோம். ஆனாலும் ஒரு துண்டு போயிடாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது' என்று சொல்லியிருக்கிறார். முதல் நாள் இரவில் அக்காவின் இடக்கை விரல்கள் மரத்துப்போயின. ஒரு மணி நேரத்தில் மெல்ல உணர்வு திரும்பிற்று. தையற்காரியின் விரல்கள்! அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிக் கேட்டால் அவர் கணவர் இன்றும் பேச்சை மாற்றிவிடுகிறார். முதல் 25 மணி நேரம் முடிந்தபோது தகடு பாதிதான் அசைந்தது. இரண்டாம் முறை கொடுத்தபின் எக்கோவில் இரண்டும் அசைந்தன. இப்போது அவர் தையல் இயந்திரத்துக்கு மேலே நாட்காட்டி தொங்குகிறது. மாத்திரை போட்ட நாளைச் சிவப்புத் தையல் சாக்கால் குறித்திருக்கிறார்.

எல்லாரும் ஒரே கருத்தினர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்களின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை, இடப்பக்க வால்வு அடைபட்டால் மெதுவான மருந்து முறை, அவசர அறுவை ஆகிய இரண்டையும் ஒரே நிலையில் வைக்கிறது. ஐரோப்பியரின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை, மிகவும் நலிந்த நோயாளிக்கு அறுவைக்குத் தடையில்லையெனில் அறுவைக்கே முதலிடம் தந்தது. எக்கோவில் கட்டியின் பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மருந்தின் ஆபத்து குறைவு என்பதை 2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. பெரிய கட்டியானால் மருத்துவர் தயங்குவதற்கு அது ஒரு காரணம்.

கருவுற்ற பெண்களின் நிலை இன்னும் இக்கட்டானது. கருக்காலத்தில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். வார்ஃபரினோ தொப்புள்கொடி வழியே சென்று சிசுவைப் பாதிக்கும், குறிப்பாக ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை. அதற்காக ஹெப்பரின் ஊசிக்கு மாற்றும் நாட்களில்தான் வால்வு அடைபடுவது மிகுதி. துருக்கியர் 24 கருவுற்ற பெண்களுக்கு மெதுவான முறையில் டி.பி.ஏ. கொடுத்து, ஒரு தாயும் இறக்காமல் காப்பாற்றியதை 2013இல் எழுதியிருக்கிறார்கள். நித்திய இரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளால் இத்தொல்லையெல்லாம் தீரும் என்று எண்ணினர். அவற்றுள் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு உடையோருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு, உறைவும் இரத்தப் போக்கும் மிகுந்ததால் 2012இலேயே நிறுத்தப்பட்டது. எனவே உலோக வால்வுக்குப் பழைய எலி மருந்தின் வழித்தோன்றலே இன்றும் துணை.

விலையையும் கருத வேண்டும். டி.பி.ஏ. விலை மிகுந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மலிவு, அதை இந்தியாவிலேயே செய்யும் தொழில்நுட்பத்தைச் சண்டிகர் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கித் தந்தது. மெதுவாகக் கொடுத்ததன் நற்பெயர் பெரும்பாலும் விலை மிகுந்த மருந்தைக் கொண்டு பெற்றது. அறுவை அரங்கம் அருகில் இல்லாத ஊரில், நள்ளிரவில், மூச்சுத் திணறலோடு வரும் வால்வு நோயாளிக்கு முன்னால் நிற்கும் இளம் மருத்துவர், அலமாரியில் இருக்கும் மலிவான குப்பியை எடுப்பதா, ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவதா என்று சில நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.